செத்த நாய் விலங்கு, உயிருள்ள எலி இல்லை

அமெரிக்காவில் நாய் செத்துப்போனாலும் விலங்குதான். அங்குள்ள விலங்கு நலச் சட்டம் அப்படித்தான் வரையறுத்திருக்கிறது: உயிரோடிருந்தாலும் செத்துக் கிடந்தாலும் நாய், பூனை, குரங்கு, முயல், ஹாம்ஸ்டர் எல்லாம் விலங்கு. ஆய்வுக்கென்று வளர்த்த சுண்டெலி மட்டும், எதிரே உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தாலும், விலங்கு இல்லை. ஆய்வுக்கென்று வளர்த்த பெரிய எலிக்கும் பறவைக்கும் அதே கதிதான். வயலில் ஓடும் எலியைப் பிடித்து வந்தால் அது விலங்கு. கூண்டிலேயே பிறந்தால் இல்லை. சாதிச் சான்றிதழ் கொடுக்கும் நம்மூர் வட்டாட்சியருக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

விலங்கல்லாத இந்த ஜீவனுக்கு வலிப்பு நோய் ஆய்வில் என்ன நடக்கிறது? பைலோகார்பைன் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் கோணும், தலை ஆடும், முன்னங்கால்கள் வெட்டும், பின்னங்காலில் எழுந்து நின்று பொத்தென்று விழும். ரேசின் என்ற ஆய்வாளர் 1972-ல் வகுத்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒருவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். விழுந்தால்தான் முழு மதிப்பெண். அதோடு விடுவதில்லை, வலிப்பு நிற்காமல் நீடிக்க வேண்டும், அப்போதுதான் சில வாரம் கழித்து எலிக்குத் தானாகவே வலிப்பு வரும். இடையில் பல எலிகள் செத்துப்போகும். ஆய்வுக் கட்டுரையில் அவை "கணக்கில் சேர்க்கப்படவில்லை". பிழைத்தவை "பலியிடப்பட்டன". எந்தச் சாமிக்கு என்று எழுதுவதில்லை.

எலி மூளை மனித மூளை மாதிரி என்று சொல்லித்தான் மானியம் வாங்குகிறார்கள். காசு வாங்கும் மேசையில் எலி நம் பங்காளி. சட்டம் எழுதும் மேசையில் அது புழுவுக்குச் சமம். வலித்தால் எலி கண்ணைச் சுருக்கும், கன்னம் புடைக்கும், காது பின்னே போகும் என்று முகத்தைப் படித்து அளவிடும் முறையை 2010-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். ஆக, தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

இந்த அநியாயத்தை நிமிர்த்த ஒரு வாய்ப்பு வந்தது. 2000-ல் வழக்குக்குப் பணிந்து, எலியையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று அமெரிக்க விவசாயத் துறை ஒப்புக்கொண்டது. ஆய்வுத் துறைச் சங்கங்கள் பதறிப்போய் நாடாளுமன்றத்துக்கு ஓடின. 2002-ல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், பண்ணை மசோதாவுக்குள் ஒரு திருத்தத்தைச் செருகி எலியை நிரந்தரமாக வெளியே தள்ளினார். பாம்பின் வயிற்றுக்குள் போவதைவிட ஆய்வுக்கூடம் மேல் என்பது அவருடைய வாதம். பாம்பு தன் இரைக்குப் பல மாதம் வலிப்பு வரவைத்து மதிப்பெண் போடுவதில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

கூட்டாட்சி அரசின் சுகாதார மானியம் வாங்கும் கூடங்களுக்கு வேறு விதி உண்டு, கண்காணிப்புக் குழு உண்டு என்பார்கள். உண்மைதான். சொந்தப் பணத்தில் நடத்தும் நிறுவனத்துக்கு? அதன் மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர், அதுவே ஆடிட்டர்.

இவ்வளவும் நோயாளிக்காக என்று சொன்னால் வாயடைத்துவிடும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். அவர்களை வைத்து யாரும் நையாண்டி செய்ய முடியாது. ஆனால் இன்று உலகெங்கும் எழுதித்தரும் லெவெடிரசெட்டம், மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்க்கும் வழக்கமான எலிச் சோதனையில் தோற்ற மருந்து. அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் 1999-ல் அது அமெரிக்கச் சந்தைக்கே வந்திருக்காது. இன்னமும் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு எந்த மாத்திரையும் சரியாகக் கேட்பதில்லை. ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு, 1912 முதல் புழக்கத்தில் உள்ள மலிவான பீனோபார்பிட்டால்கூடப் போய்ச் சேரவில்லை. அதற்கு எலி தேவையில்லை, லாரி போதும்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செத்ததை எண்ணுங்கள் என்கிறேன். அமெரிக்க விவசாயத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வு விலங்குகளின் பட்டியலில் ஹாம்ஸ்டருக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் மற்ற எல்லாப் பாலூட்டிகளையும்விட அதிகமாகச் சாகும் சுண்டெலிக்கு, இன்றுவரை ஒரு கட்டம்கூட இல்லை.