சின்னத்திரையில் ப்ளூரே

ப்ளூரே தட்டில் படத்தின் ஒவ்வொரு சட்டகமும் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகளால் ஆனது. நடுத்தர வீட்டுக் கூடங்களில் வெகுகாலம் கோலோச்சிய 32 அங்குல 'ஹெச்டி ரெடி' டிவியில் இருப்பதோ 1366-க்கு 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பப்போகும் மண்டபத்துக்கு எதற்கு இவ்வளவு பத்திரிகை அடிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 2006-இல் ப்ளூரே கருவி கடைக்கு வந்ததிலிருந்தே இது கேட்கப்படுகிறது. வாங்காதவர் கேட்பார், வாங்கியவர் பதில் சொல்வார், கொஞ்சம் உரக்க.

'ஹெச்டி ரெடி' என்ற பெயரிலேயே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 'சாப்பாடு ரெடி' என்று பலகை தொங்கும் ஹோட்டலில் சாப்பாடு கிடைக்கும். 'ஹெச்டி ரெடி' டிவியோ ஹெச்டி சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ள ரெடி. வாங்கியதை முழுசாகப் பரிமாறும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் ப்ளூரேயின் பெறுமானத்தை டிவியோடு ஒப்பிட்டு அளப்பது தவறு. அது போட்டியிடுவது டிவிடியோடு. பால் முறை டிவிடியில் (மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒளிபரப்பு முறையின் பெயர்) 720-க்கு 576, சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். பத்தரை லட்சம் நாற்காலி போட்ட மண்டபத்துக்கு நாலு லட்சம் பேர் வந்தால், மீதி நாற்காலிகளை டிவி தானே ஆள் பிடித்து நிரப்ப வேண்டும். அப்ஸ்கேலிங் என்பது இதுதான். எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால் ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் சேர்ப்பார்களே, அந்த வேலை. ரசம் எல்லோருக்கும் வரும். மிளகு கூடுவதில்லை.

ப்ளூரேயை இறக்கிக் காட்டும்போது நடப்பது பால் சுண்டக் காய்ச்சுவது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாகும்போது படத்திலுள்ள சிறு பிழைகளும் தேய்ந்துபோகின்றன. பிழைகளும் முதலிலேயே குறைவு. டிவிடி படத்துக்கென விநாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் செலவழிக்கலாம். ப்ளூரேக்கு அந்த உச்சவரம்பு 40. டிவிடியில் சப்டைட்டில் எழுத்துகளைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஏதோ மொய்த்துக்கொண்டிருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். இறுக்கிச் சுருக்கியதால் வரும் இந்தக் கோளாறுக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் கொசுவின் பெயர்தான். கொசுவர்த்தியால் பயனில்லை; தட்டை மாற்றுவதே வழி.

நிறத்தின் சங்கதி இன்னும் சுவையானது. மனிதக் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. அதை நம்பி, இரண்டு வகைத் தட்டுகளிலும் நாலு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்ற ரேஷன் முறையே நடக்கிறது. டிவிடியில் நிறத்துக்குக் கிடைப்பது 360-க்கு 288, சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். ப்ளூரேயில் 960-க்கு 540, ஐந்து லட்சத்துக்கும் மேல். டிவிடியில் இருக்கும் மொத்தப் புள்ளிகளையும்விட ப்ளூரேயின் நிறப் புள்ளிகள் மட்டுமே அதிகம். ஆகவே 852-க்கு 480 என்ற பழைய பிளாஸ்மா திரையில்கூட, அதாவது டிவிடிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற திரையில்கூட, ப்ளூரே போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த நிறம் கிடைக்கிறது. டிவிடியில் நெற்றியெல்லாம் பரவி நிற்கும் குங்குமம் அங்கே பொட்டாகத் திரும்புகிறது.

இதை நிரூபிக்க வீடுகளில் நடத்தப்படும் சோதனைக்கு ஒரு நிரந்தர முறை உண்டு. கருவி வாங்கியவர் டிவிடியையும் ப்ளூரேயையும் மாற்றி மாற்றிப் போட்டு, கதாநாயகியின் முகத்தில் படத்தை நிறுத்துவார். சாட்சி, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அழைத்துவரப்படும் மனைவி.

"வித்தியாசம் தெரியுதா?"

"எதுல?"

"புடவையைப் பாரு. ஜரிகை எப்படி மின்னுது!"

"அது ஜரிகை இல்லீங்க, ஆரி வேலை. இதுல வெச்சிருக்கிற மணிகூடத் தெரியுதே. முன்னாடி போட்டதுல செவப்பா என்னமோ இருந்துச்சு, அவ்ளோதான்."

கருவியின் பெறுமானத்துக்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. ஆனால் கணவருக்கு அது சாட்சியமாகப் படுவதில்லை. அவர் எதிர்பார்த்தது 'ஆகா'. வந்ததோ, அந்தப் புடவை என்ன விலை இருக்கும் என்ற அடுத்த கேள்வி.

சோதனையில் மறைக்கப்படும் விஷயம் ஒன்று உண்டு. சாட்சி டிவிக்கு நாலடி தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார். படம் பார்க்கும் சோபா பத்தடி தள்ளி இருக்கிறது. குறையில்லாத கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு இடைவெளி வரைதான் பிரித்துப் பார்க்கும். பத்தடித் தூரத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 32 அங்குல டிவியின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால், அந்த சோபாவில் இருப்பவருக்குத் திரையின் குறுக்கே ஏறக்குறைய 800 புள்ளிகள்தான் தனித்தனியாகத் தெரியும். டிவிடியில் இருப்பது 720. ப்ளூரேக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி சோபாவுக்கும் டிவிக்கும் நடுவிலுள்ள காற்றில் கரைகிறது. 42 அங்குலத்தில் கணக்கு சுமார் 1050-க்கு ஏறும். சோபாவை முன்னால் இழுத்தால் இன்னும் ஏறும், செலவும் கிடையாது. ஆனால் சோபா எங்கே இருக்க வேண்டும் என்பது படத்தின் தரத்தை வைத்து எந்த வீட்டிலும் முடிவானதில்லை.

புரொஜெக்டரில் கதை தலைகீழ். குறைந்த விலையில் கிடைத்த 1280-க்கு 720 புரொஜெக்டர் சுவரில் 100 அங்குலம் விரிக்கும்போது, அதே பத்தடியில் இருக்கும் கண்ணால் குறுக்கே 2500 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். டிவிடியின் ஒவ்வொரு கொசுவும் அங்கே வண்டாகிவிடும். மட்டமான திரைக்கு நல்ல தட்டு வீண் என்ற எண்ணம் இந்த இடத்தில் முழுக்கப் பொய்க்கிறது. ப்ளூரேயின் பலன் பளிச்சென்று தெரிவதே இங்கேதான்.

திரையோடு சம்பந்தமில்லாத லாபங்களும் சில உண்டு. பல ப்ளூரே தட்டுகளில் ஒலி இழப்பில்லாமல் பதியப்பட்டிருக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயர் இருந்தால் டிவி எவ்வளவு மட்டமானாலும் அது காதுக்கு வந்துசேரும். பால் முறை டிவிடியில் விநாடிக்கு 24 சட்டகமாக எடுத்த படம் 25-ஆக ஓட்டப்படுவதால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ப்ளூரேயில் படம் எடுத்த வேகத்திலேயே ஓடும். ஆறு நிமிடம் மிச்சமாவதை லாபமாகக் கருதத்தக்க படங்களும் உண்டு என்பதை இங்கே மறுப்பதற்கில்லை.

கருவியால் முடியாததும் இருக்கிறது. நடைபாதையில் வாங்கிய 'த்ரீ இன் ஒன்' டிவிடியில் 4.7 ஜிபிக்குள் மூன்று படம் பாய்போட்டுப் படுத்திருக்கும். அதை எவ்வளவு உயர்ந்த கருவியில் போட்டாலும் அது த்ரீ இன் ஒன்தான். ப்ளூரேயோடு மோதிய ஹெச்டி டிவிடியை வாங்கியவர்கள் நிலை வேறு. 2008 பிப்ரவரியில் தோஷிபா கையைத் தூக்கியபின், அவர்களுக்குத் தங்கள் திரையின் தரம் போதுமா என்ற கவலையே இல்லாமல் போயிற்று.

2016-இல் 4கே தட்டுகள் வந்தபோது, பழைய கேள்வி ஃபுல் ஹெச்டி டிவிக்காரர்கள் வாயில் மறுபடி பிறந்தது. பதிலும் பழையதே. 4கே தட்டின் நிறப் புள்ளிகள் 1920-க்கு 1080, ஃபுல் ஹெச்டி திரைக்குச் சொல்லிவைத்தாற்போல் பொருந்தும். ஆனால் அந்தத் தட்டுகளில் வரும் ஹெச்டிஆர் என்ற கூடுதல் வெளிச்ச வீச்சைச் சாதாரணத் திரைக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைக் கருவி ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மத்தியான வெயில் காட்சியும் மேகமூட்டமாகத் தெரியும்.

இத்தனை கணக்கையும் ஒரே அடியில் செல்லாததாக்கக்கூடியது மஞ்சள் கம்பி. பழைய டிவிடி கருவிக்கு மாட்டிய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் ஏற்கெனவே டிவியின் பின்னால் தொங்குவதால், புதிய ப்ளூரே கருவியும் பல வீடுகளில் அதிலேயே மாட்டப்பட்டது. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே வயரில் கலந்து அனுப்பும் அந்த வழியில் 576 கோடுகளுக்கு மேல் வராது. ப்ளூரே தட்டு டிவிடியாக, சமயத்தில் அதைவிட மட்டமாகவே திரைக்கு வந்துசேரும். நகல் தடுப்பு விதிப்படி, 2010-க்குப் பின் தயாரான கருவிகளில் சிவப்பு, பச்சை, நீல வயர்களுக்கும் இதே எல்லைதான். ஹெச்டிஎம்ஐ கம்பி ஒன்றே வழி. பெட்டியிலேயே அது வந்திருந்தாலும், மாட்டுவதற்கு டிவி ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தும்போது பின்னாலிருந்து கிடைப்பவை வழக்கமாக ரிமோட்டின் மூடி, ஒரு ஐந்து ரூபாய் நாணயம், பென்சில் பேட்டரி இரண்டு, காணாமல் போய்விட்டதாக வேலைக்கார அம்மாவிடம் விசாரணை நடத்தப்பட்ட ஒரு வெள்ளி மெட்டி.