சின்ன மலைதாண்டா!

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு கொண்டுவருவார்கள், ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள், தங்கள் மாமாவுக்கு இதே காலில் இதே இடத்தில் அடிபட்டு என்ன ஆனது என்ற கதையையும் கொண்டுவருவார்கள். ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பிரிச்சதும் சொல்லுடா. சின்னதா ஒரு மலை இருக்கு" என்பார். அடிபட்டவனுக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தவர் ஆஞ்சநேயர். நம்மவருக்கு அவ்வளவு சிரமம் எதற்கு? அடிபட்டவனை மலைக்குக் கொண்டுபோய்விடுவார்.

எல்லா நண்பர் கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு. வயது நாற்பத்தைந்துக்கு மேல். தொப்பை உண்டு. அதன்மேல் குறுக்காகத் தொங்கும் தண்ணீர் பாட்டில் உண்டு. வீட்டுப் பரணில், வெள்ளியங்கிரி போனபோது அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி உண்டு. ஏழு மலையும் ஏறினாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "அன்னைக்குப் பார்த்து மழை" என்பார்.

வீட்டில் எதிர்ப்பு கிளம்பும். "டாக்டர் ரெஸ்ட் எடுக்கணும்னு சொல்லியிருக்காருண்ணா" என்பார் நோயாளியின் மனைவி. "ரெஸ்ட்டுன்னா படுத்தே கிடக்கிறதாம்மா? தசையெல்லாம் சுருங்கிடும் தங்கச்சி" என்பார் இவர். இதில் உண்மை இருப்பதுதான் ஆபத்து. அசையாமல் கிடந்தால் தொடைத் தசை இளைத்துத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாய் நடக்கும்படி பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லியிருப்பார். அவர் சொன்னது வீட்டு மாடிப்படி. இவர் காதில் விழுந்தது கிழக்குத் தொடர்ச்சி மலை.

மலையைத் தேர்ந்தெடுப்பதில் இவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. பரங்கிமலை என்று யாராவது ஆரம்பித்தால், "முந்நூறு அடி எல்லாம் ஒரு மலையா? உச்சி வரைக்கும் காரே போகுது" என்று தள்ளிவிடுவார். தொட்டபெட்டா 2,637 மீட்டர் ஆயிற்றே என்றால், அங்கும் கார் போகிறதாம். பழனியில் விஞ்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது. ஆகவே அது மலைக் கணக்கிலேயே வராது, கோயில் கணக்கு. இப்படி எளிதான மலைகளையெல்லாம் எளிது என்பதாலேயே கழித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவதை "ஈஸியான மலை" என்று அறிவிப்பார். பெரும்பாலும் அது கொல்லிமலையாக இருக்கும்.

கொல்லிமலைக்கு அவர் சொல்லும் காரணம் அசைக்க முடியாதது. "70 கொண்டை ஊசி வளைவும் கார்லதான் ஏறப்போறோம். அப்புறம் ஆகாய கங்கை அருவிக்கு நாம எங்கடா ஏறறோம்? இறங்கத்தானே போறோம்!"

உண்மைதான். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், எல்லாம் இறக்கம்தான். ஆனால் அடிபட்ட முழங்காலுக்கு எமன் ஏற்றம் அல்ல, இறக்கம். உடம்பின் பாரம் முழுவதும் கீழே பாயும்போது, தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அதனால்தான் பிசியோதெரபிஸ்ட்டுகள் பாடமாய்ச் சொல்லி அனுப்புகிறார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், தடி எதிர்ப்பக்கத்துக் கையில். நம்மவர் இதைப் பாதி கேட்டிருப்பார். பரண் தடியை நோயாளியின் தப்பான கையில் கொடுத்து, "நல்ல காலை எடுத்து வச்சு வாடா, மங்களகரமா இருக்கும்" என்பார்.

1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்தது, இவர் மதிக்காத அந்தப் பரங்கிமலைப் பக்கத்தில்தான். நூறடி எஃகுச் சங்கிலி வைத்து, அடி பிசகாமல் அளந்தார் மனிதர். நம்மவரிடம் இருக்கும் அளவுகள் மூன்றே: "இதோ", "அந்த வளைவுதான்", "அஞ்சு நிமிஷம்". மூன்றும் ஒரே தூரம். சந்தேகப்பட்டால், "70 வயசுப் பாட்டியே வெறுங்காலோட ஏறுது" என்று ஒரு பாட்டியைச் சாட்சிக்கு இழுப்பார். கற்பனைப் பாட்டி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பதினைந்தாவது நிமிடத்தில், தலையில் சுமையோடு அந்தப் பாட்டி நிஜமாகவே எதிரே ஏறி வருவார். "இன்னும் எவ்வளவு தூரம் ஆயா?" என்று நோயாளி கேட்டால், மூச்சுக்கூட வாங்காமல் "வந்துட்டீங்க சாமி, இதோ" என்பார். அவரும் இவர் கட்சி.

குளித்து முடித்துத் திரும்பி ஏறும்போதுதான் நம்மவரைக் கவனிக்க வேண்டும். இருபது படிக்கு ஒருதரம், "நில்லுங்கப்பா, பாவம், அவனுக்குக் கால் வலிக்குது" என்று கத்துவார். அவன் வாயே திறந்திருக்க மாட்டான். கூட்டம் நிற்கும். இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இயற்கையை ரசிப்பார், வாயைத் திறந்துகொண்டு. அடுத்த இருபதாவது படியில் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். அவர் போட்டிருப்பது செருப்பு.

குட்டு வெளிப்படுவது இங்கேதான். திடகாத்திரமான நண்பர்களோடு மலையேறி இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். இவர் இரைக்க இரைக்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அவர்களுக்கு, ஓட்டம் இவருக்கு. கால் கட்டைப் பிரித்த ஒருவன் கூடவே வந்தாலோ கூட்டத்துக்கே அவன் வேகம்தான். அந்த வேகம்தான் இவருக்கும் சௌகரியம். நொண்டுகிற நண்பனைத் தேடித் தேடி இவர் மலைக்கு இழுப்பதன் ரகசியம் அதுதான்.

அதற்காகக் குறை சொல்லவும் மனசு வராது. நோயாளியின் பையைச் சுமப்பவர் இவர்தான். குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பவரும் இவர்தான். மற்றவர்கள் மேலே போய்ச் செல்ஃபி எடுக்கும்போது, கடைசிப் படி வரை கூடவே வருகிறவரும் இவர் ஒருவர்தான். மேலே வந்ததும் சூப் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கித் தருவார். ஆட்டுக்கால் போலவே பழுப்பு ரோமத்தோடு இருக்கும் அந்தக் கிழங்கைக் கையில் எடுத்து, "மூட்டு வலிக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று ஒரு பிரசங்கம் செய்வார். நோயாளிக்கு ஒரு டம்ளர். பிரசங்கிக்கு மூன்று.

கால் குணமாகி, நண்பன் நாலு கால் பாய்ச்சலில் நடக்கத் தொடங்கியதும் இவர் முகம் சுருங்கிவிடும். "அவசரப்படாதடா, இன்னும் ஒரு மாசம் நொண்டினா நல்லது" என்று அக்கறையாய்ச் சொல்லிப் பார்ப்பார். பலிக்காது. பிறகு வாட்ஸ்அப்பில் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார், வேறு யாராவது எங்காவது விழுந்தார்களா என்று.

போன வாரம் எங்கள் கூட்டத்தில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செய்தி வந்த மாலையே நம்மவர் அங்கே ஆஜர். "கைதானே? மலை ஏறக் கை எதுக்குடா?" என்று தேற்றிவிட்டு, அவருக்கென்றே ஒரு மலையையும் சொல்லியிருக்கிறார்.

பர்வதமலை. கடப்பாறைப் படியில் கால் வைத்து, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய மலை.