ஹெட்போன் மாலை

பூலாம்பாடிப் பக்கம் கல்யாண ஊர்வலத்தில் டிஜே இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதைக் குறைவு. டிஜே தம்பி ‘சிங்க்’ பொத்தானை அமுக்குகிறார். நிமிடத்துக்கு 120 அடி வேகப் பாட்டும் 128 அடி வேகப் பாட்டும் ஒரே ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன. முதல் அடி எதுவென்று மட்டும் பொத்தான் தப்பாக எண்ணிவிட்டால், ஆடுகிறவர் கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். உடனே எக்கோ, சைரன், புகை. அதற்குப் பிறகு தாளம் கேட்க யாருக்குக் காது இருக்கிறது? இந்தப் பொத்தானெல்லாம் வருவதற்கு முன், 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழலியில் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான் உதவி. மிச்சமெல்லாம் ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஸ்பீக்கர், நாலு நாலாக எண்ணும் பொறுமை. தம்பியிடமும் ஹெட்போன் உண்டு. கழுத்தில். பின்னால் வருகிற தவில்காரர் பாவம், பொத்தானே இல்லாமல் நாகஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கிறார். அவரை யாரும் செல்போனில் படம் பிடிப்பதில்லை.