மக்குன்னு பேர் வாங்கின நீர்ப்பாய்ச்சி

வாங்க டாக்டரே, இப்படித் திண்ணையில உட்காருங்க. நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நீ சத்தம் போட்டுப் படிச்சதுல, கொட்டத்துல கட்டிக் கிடக்கிற எருமை முதக்கொண்டு நரம்புப் பாடம் பாஸாயிருக்கும். நான் கைநாட்டு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பேராண்டி. உன் நோட்டுல நரம்பணுவை வேரும் கிளையுமா ஒரு பக்கம் முழுக்க வரைஞ்சிருக்கே. ஓரத்துல, போனாப் போகுதுன்னு, தீக்குச்சி மருந்தளவுக்கு ஒரு நட்சத்திரம். அதுக்குக் கீழ ‘ஆஸ்ட்ரோசைட், தாங்கிப் பிடிக்கும்’னு எழுதியிருக்கே. ஏன்டா, அது என்ன கல்யாணப் பந்தக்காலா?

உன்னைச் சொல்லியும் குத்தமில்லை. 1856-ல ஜெர்மனிக்காரர் ருடால்ஃப் ஃபிர்ஹோ, நரம்புகளுக்கு நடுவுல கிடந்த சரக்குக்கு ‘நரம்புப் பசை’னு பேர் வச்சுட்டாரு. அவங்க ஊர்ப் பேச்சுல அது சன்னல் கண்ணாடி ஓரத்துல அப்புற மக்காம். நம்ம ஆசாரி மரத்து ஓட்டையில வச்சுத் தேய்ப்பாரே, அதே மக்குதான். நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? கண்மாய் நிறைஞ்சு அலையடிக்கையில முங்கிப் போய் மடையைத் திறந்தவனைத்தான் அந்தக் காலத்துல மடையன்னு சொன்னதா எங்க அய்யா சொல்வாரு. இன்னைக்கு அது உன் மார்க்கைப் பார்த்து உங்கப்பன் கூப்பிடுற பேராப் போச்சு.

இத்தாலிக்காரர் கோல்கி 1870-கள்லயே உத்துப் பார்த்துட்டாரு, இந்தப் பசைக்குள்ள இருக்கிற நட்சத்திர அணுவோட கை ஒண்ணு நீண்டு போய் ரத்தக்குழாயைத் தொடுதுன்னு. 1913-ல ஸ்பெயின்காரர் கஹால் தங்க உப்புல சாயமேத்தினாரு. மூளைச் சீவல்ல நட்சத்திரம் நட்சத்திரமாத் தெரிஞ்சுச்சு, குழாய் மேல பாதம் வச்ச மாதிரி. மக்குக்குக் கால் முளைச்சு எந்த ஆசாரியாவது பார்த்திருக்கானா?

அந்தப் பாதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாரு. மூளைக்குள்ள ஓடுற மெல்லிசான குழாய், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அகலம்கூட இல்லை. சிவப்பணு வரிசையா, ஒத்தை ஒத்தையா, நெளிஞ்சுதான் போகணும். அதைச் சுத்தி இவன் பாதம், பக்கத்துல அடுத்தவன் பாதம், ஓடு வேய்ஞ்ச மாதிரி. இவனோட மத்த விரலெல்லாம் எங்க இருக்கு? நரம்பணு ரெண்டும் குசுகுசுன்னு பேசுற சந்துல. ஒரு கால் வாய்க்கால்ல, ஒரு காது வயல்ல. நான் நாப்பது வருஷம் பார்த்த நீர்ப்பாய்ச்சி வேலைடா அது!

மூளை இருக்கே, உடம்பு எடையில 2 சதம், செலவுல 20 சதம். ஆனா கையிருப்பு கிடையாது, சுத்த அன்னாடங்காய்ச்சி. பத்து செகண்ட் ரத்தம் நின்னா ஆள் மயங்கி விழுந்துருவான். அதுக்காக எல்லா வயலுக்கும் ஒரே நேரத்துல தண்ணி விட முடியுமா? எந்த வயல் வேலை செய்யுதோ அங்க மடை திறக்கணும்.

இங்கதான் படிச்சவங்க கூத்து ஆரம்பிக்குது. நரம்பணு பேசினா குளூட்டமேட் கசியும். நம்ம ஆளுக்குள்ள கால்சியம் ஏறும். பாதத்துல இருந்து ஒரு மருந்து கிளம்பிக் குழாய்த் தசையை நெகிழ்த்தும், ரத்தம் பாயும். 2003-ல இத்தாலியில எலி மூளைச் சீவல்ல பார்த்துட்டுச் சொன்னது இது. மறு வருஷமே கனடாவுல இன்னொரு கூட்டம், “அதெல்லாம் இல்லை, கால்சியம் ஏறினா குழாய் சுருங்குது”ன்னுச்சு. ரெண்டு பேரும் கண்ணால பார்த்த சாட்சி! 2008-ல அதே கனடாக் கூட்டம் ஆக்ஸிஜனைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்துச்சு. குறைச்சலா இருந்தா விரியுது, தாராளமா இருந்தா சுருங்குது. இதுக்கு அஞ்சு வருஷமாடா? ஒரு கட்டு பீடி வாங்கிக் கொடுத்திருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். வயல் வெடிச்சுக் கிடந்தா திறப்பான், தண்ணி தளும்பி நின்னா அடைப்பான்.

அதுக்காக இவனுக்கே மொத்தப் பரிவட்டத்தையும் கட்டிராதே. உசிருள்ள எலியில, குழாய் விரிஞ்ச பிறகு இவன் கால்சியம் ஆடி அசைஞ்சு வர்றதும் உண்டு. நரம்பணுவே நேரா மடைக்கு ஆள் அனுப்பும். குழாயைக் கட்டிப் பிடிச்சிருக்கிற பெரிசைட்டுக்கும் பங்கு உண்டு. வழக்கு இன்னும் முடியலை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற காவல் சுவரும் இவன் கட்டினதில்லை, அது குழாயோட உள்தோல். இவன் பின்னால நின்னு ஏவுற மேஸ்திரி.

ஆனா தண்ணிக் கண்ணு இவன் பாதத்துலதான் வரிசையா இருக்கு. அக்குவாபோரின்-4ன்னு நீ நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னியே, அதான். அந்தக் கண்ணு இல்லாத சுண்டெலிக்கு மூளை வீக்கம் குறைச்சலா இருந்ததை 2000-ல பார்த்தாங்க.

அந்தக் கண்ணு வழியா, தூங்கையில மூளைக் கழிவு அலசிப் போகுதுன்னு 2013-ல ரோச்செஸ்டர்ல இருந்து சேதி வந்துச்சு. அடடா, இதைச் சொல்லி உன்னைச் சீக்கிரம் படுக்க வச்சிரலாம்னு பார்த்தேன். 2024-ல லண்டன்காரங்க, தூங்கையில அலசல் குறையத்தான் செய்யுதுன்னு குறுக்க விழுந்துட்டாங்க. சரி, தூக்கத்தை விடு. ராத்திரி மூணு தரம் காப்பி போட்டியே, அதுல நீ தப்ப முடியாது. குழாயை விரிக்கிற அடினோசினைக் காப்பி வழிமறிக்கும், மூளைக்குப் போற ரத்தம் கொஞ்சம் சுண்டும். மடையை நீயே அடைச்சுட்டு, விடிய விடிய நாத்து நடுறே!

எடு அந்த நோட்டை. தீக்குச்சி மருந்தை அழிச்சுட்டுப் பெருசாப் போடு. காலை எங்க வைக்கிறே? குழாய் மேல வைடா, அந்தரத்துல தொங்கவிடாதே. அந்தா, உங்க அப்பத்தா வர்றா. இந்தப் பீடியை நீ பார்க்கலை.