இருண்ட கூடமும் முப்பத்தைந்து முகங்களும்

கேள்வி (காரைக்குடி வாசகி): எங்கள் ஐயாவுக்கு 80 வயது நிறைகிறது. பூர்வீக வீட்டின் முகப்பில் பங்காளிகளும் பெண்மக்களுமாக 35 பேர் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. அவருக்கு அறுபது நிறைந்தபோது எடுத்த படத்தில் நடுவே இருந்தவர்கள் வெளுத்துப்போயிருக்கிறார்கள். ஓரத்தில் நின்றவர்கள் இன்னாரென்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அறுபது நிறைந்தபோது இருளில் கரைந்துபோனவர்கள் இருபது ஆண்டுகள் பொறுத்திருந்து மறுபடியும் அதே ஓரத்தில் வந்து நிற்கப்போகிறார்கள் என்பதனால், இம்முறை அவர்களுக்கு நியாயம் செய்தே தீரவேண்டும். அந்த நியாயம் ஒரு பௌதிக விதியில் இருக்கிறது. ஒளி புறப்படும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒளியின் பலம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. விளக்கை முதல் ஆளுக்கு 2 மீட்டர் தூரத்தில் வைத்து, கடைசி ஆள் அதே விளக்கிலிருந்து 4 மீட்டரில் நின்றால், முதல்வருக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கே கடைசியவருக்குப் போய்ச் சேரும். அதே விளக்கைப் பின்னுக்கு நகர்த்தி, முதல் ஆளுக்கு 6 மீட்டரும் கடைசி ஆளுக்கு 8 மீட்டரும் இருக்கும்படி வைத்துப் பாருங்கள்; இப்போது கடைசியவருக்குப் பாதிக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். விளக்கு கிட்டே இருக்கும்போது பாரபட்சம் காட்டுகிறது. தூரப் போகப் போக எல்லோரையும் சமமாகப் பாவிக்கிறது. உறவினர்களில் சிலரிடமும் இந்தக் குணத்தைக் காணலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. 2 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குப் போன விளக்கின் பலம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், ஃபிளாஷின் சக்தியைக் கூட்டவேண்டும், அல்லது காமிராவின் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு அளவை உயர்த்தவேண்டும். இக்காலத்துக் காமிராக்கள் ஐ.எஸ்.ஓ. 800 வரையில் சிரமமின்றித் தாங்கும் என்பதால் இந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஒரு விளக்கைவிட இரண்டு விளக்குகள் மேல். படமெடுப்பவருக்கு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக ஸ்டாண்டில் நிறுத்தி, இடப்புற விளக்கை வரிசையின் வலக்கோடியை நோக்கியும், வலப்புற விளக்கை இடக்கோடியை நோக்கியும் குறுக்காகத் திருப்பிவையுங்கள். விளக்குக்கு அருகில் நிற்பவர் மேல் அதன் விளிம்பு வெளிச்சமும், தொலைவில் நிற்பவர் மேல் அதன் நடு வெளிச்சமும் படுவதால் இருவர் பங்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விளக்குகளின் உயரம் 8 அல்லது 9 அடிக்குக் குறையவேண்டாம். தாழ வைத்தால் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்த பெரியவரின் தலை நிழல், பின்னால் நிற்கும் மருமகளின் கன்னத்தில் போய் விழும்.

இனி, உங்கள் வீட்டைப் பற்றி. ஃபிளாஷை உத்தரத்தை நோக்கித் திருப்பி அங்கே மோதவிட்டு, இறங்கிவரும் மெல்லொளியில் படம் எடுக்கும் உபாயம் வெள்ளையடித்த தாழ்ந்த கூரைகளுக்கே பொருந்தும். பர்மா தேக்கு உத்தரமும் தூண்களும் உள்ள செட்டிநாட்டு முகப்பில் மேலே போன ஒளியில் பெரும் பகுதியை அந்தத் தேக்கே உண்டுவிடும். திரும்பி வருகிற சொற்பமும் பழுப்பு நிறத்தை ஏற்றுக்கொண்டு வந்து எல்லோருக்கும் காமாலை பிடித்தாற்போலக் காட்டும். ஆகையால் வெள்ளைக் குடைகளைப் பிரயோகியுங்கள். குடை கிடைக்காத இடத்தில் வெளுத்த எட்டு முழ வேட்டியொன்றை இரண்டு கம்புகளுக்கிடையே இறுகக் கட்டி, அதன் பின்னாலிருந்து ஃபிளாஷைப் பாய்ச்சினால் அதுவே பெரிய விளக்காகிவிடும். ஒளி புறப்படும் பரப்பு பெரிதாகப் பெரிதாக நிழலின் ஓரம் மிருதுவாகும் என்பதே இதிலுள்ள சூக்ஷ்மம். ஜரிகைக் கரை மட்டும் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய உங்கள் வீட்டுச் சுவர் கண்ணாடிக்கு இணையாகப் பளபளப்பது. அதன் முன் நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒரு வெள்ளைத் திட்டு படத்தில் விழும். விளக்குகள் பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பளபளப்பு வேறு திசையில் போய்விடும்.

கேள்வி (தேவகோட்டை): முகங்கள் நன்றாக விழுகின்றன, பின்னாலுள்ள வீடு கன்னங்கரேலென்று போய்விடுகிறதே?

பதில்: படத்தில் வீடு இல்லாவிட்டால் அந்தப் படத்தை எந்தக் கல்யாண மண்டபத்திலும் எடுத்திருக்கலாமே! வீட்டையும் காப்பாற்றவேண்டும் என்று தாங்கள் கவலைப்படுவது எனக்கு மிகவும் மகிழ்ச்சி அளிக்கிறது.

ஃபிளாஷின் மின்னல் பெரும்பாலும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நிலைத்திருக்கும். காமிராவின் ஷட்டர் அதற்குப் பிறகும் எத்தனை நேரம் திறந்திருந்தாலும் முகங்களில் விழுந்த ஃபிளாஷ் ஒளி கூடப்போவதில்லை. ஆனால் வளவின் திறந்த முற்றத்திலிருந்து கசிந்துவரும் பகலொளியும், கூடத்து விளக்கின் ஒளியும் அந்த நேரமெல்லாம் படத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே முகங்களை ஃபிளாஷின் சக்தியாலும் லென்ஸின் துவாரத்தாலும் ஆளவேண்டும். வீட்டை ஷட்டரால் ஆளவேண்டும். துவாரம் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/15 விநாடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். வீடு இருண்டிருந்தால் 1/8 ஆக்குங்கள். முகங்களில் மாற்றம் ஏற்படாமலே தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் மெல்ல வெளிப்படும். முக்காலி இன்றியமையாதது. குழந்தைகளை ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்காரவைத்துவிட்டால் அவர்களுடைய ஆட்டமும் பாதி அடங்கும்.

எஃப் 8 என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஜமுக்காளத்திலும் நாற்காலியிலும் இருப்பவர்கள், பின்னால் நிற்பவர்கள் என்ற மூன்று வரிசைகளும் கூர்மையாக விழவேண்டுமானால் துவாரம் சிறுத்திருக்கவேண்டும். வரிசைகள் ஒன்றையொன்று நெருங்கியும் நிற்கவேண்டும்.

கேள்வி (மதுரை): டியூப் லைட்டை எரியவிடலாமா?

பதில்: அணைத்துவிடுங்கள். அதன் நிறம் வேறு, ஃபிளாஷின் நிறம் வேறு. இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் பிறகு எத்தனை திருத்தினாலும் ஒரு கன்னத்துக்கு ஏற்றது மறு கன்னத்துக்கு ஏற்காது. மஞ்சள் குண்டு பல்புகள் அழகுக்காக எரியவேண்டும் என்றால், ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிறத் தாளொன்றை ஒட்டி இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரலாம்.

கேள்வி (திருச்சி): என் தம்பி மகன் தொழில் முறைப் புகைப்படக்காரன். எல்லோருக்கும் சமமான வெளிச்சம் கொடுத்தால் படம் தட்டையாகிவிடும், நிழல்தான் கலை என்கிறான். பெரிய ஓவியர்களையும் உதாரணம் காட்டுகிறான்.

பதில்: தம்பி மகன் சொல்வதில் உண்மை உண்டு, அவர் காட்டும் உதாரணத்தையும் ஊகிக்கமுடிகிறது. ரெம்பிராண்ட் 1642-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல் படையினரைக் கூட்டமாக வரைந்த மாபெரும் சித்திரத்தில், தலைவர் ஃபிரான்ஸ் பானிங் கோக்கும் அவருடைய உதவித் தலைவரும் ஒளியில் நிற்க, பணம் கொடுத்துப் படத்தில் இடம்பெற்ற மற்றவர்களில் பலர் நிழலில் ஒதுங்கியும் ஒருவர் கை இன்னொருவர் முகத்தை மறைத்தும் காட்சியளிக்கிறார்கள். காலப்போக்கில் வார்னிஷ் கறுத்ததனால் அது இரவுக் காட்சி என்றே ஜனங்கள் நம்பி ‘இரவுக் காவல்’ என்று பெயரும் வைத்தார்கள். 1940-களில் அதைச் சுத்தம் செய்தபோதுதான் உண்மையில் அது பகற்காட்சி என்பது துலாம்பரமாகத் தெரிந்தது. உலகத்தின் உன்னதமான சித்திரங்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயினும் குடும்பப் படத்தின் தர்மம் வேறு. ரெம்பிராண்டின் சித்திரத்தை நாம் பார்ப்பது ரெம்பிராண்டுக்காக. உங்கள் வீட்டுப் படத்தை இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பேத்தி எடுத்துப் பார்ப்பாளானால், மூன்றாம் வரிசையின் கோடியில் நின்ற தன் பாட்டியின் முகத்துக்காகவே பார்ப்பாள். அந்த முகம் நிழலில் போய்விட்டிருந்தால் கலையின் பெயரைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்த இயலாது. ஒரு விளக்கை மற்றதைவிட ஒரு ஸ்டாப் மட்டும் அதிகமாக, அதாவது இரு மடங்கு பலத்தில், வைக்கச் சொல்லுங்கள். மூக்குக்கும் தாடைக்கும் வேண்டிய உருவம் கிடைத்துவிடும், ஒருவரும் இருட்டில் விடப்படமாட்டார்கள்.

கேள்வி (சிவகங்கை): எத்தனை முறை எடுத்தாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்களே?

பதில்: இந்தத் துயரத்தை ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன் என்ற அம்மையாரும் பியர்ஸ் பார்ன்ஸ் என்ற விஞ்ஞானியும் கணக்கிட்டே தீர்த்துவைத்து, 2006-ஆம் ஆண்டில் இக் நோபல் பரிசும் பெற்றார்கள். 20 பேருக்குக் குறைந்த கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும் மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்து, அத்தனை படங்கள் எடுத்தால் எல்லோரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றேனும் கிடைப்பது ஏறக்குறைய நிச்சயம். 18 பேருக்கு வெளிச்சத்தில் 6 படம், இருட்டில் 9. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு இமை தாழ்ந்துவிடுகிறது. கூட்டம் 20-ஐத் தாண்டினால் இந்தச் சுருக்குவழி பயன்படாது, எடுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பெரியவர்களை நெடுநேரம் நிறுத்திவைக்காதீர்கள். வெளிச்சத்தை அளக்கும்வரை இளைஞர்களை நிற்கவைத்து, எல்லாம் சித்தமான பிறகே ஐயாவை நடு நாற்காலிக்கு அழைத்துவாருங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): மின்சாரம் வருவதற்கு முன் உள்ளறைகளில் எப்படிப் படம் எடுத்தார்கள்?

பதில்: பெரும்பாலும் எடுக்கவில்லை என்பதே விடை, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கோ முற்றத்துக்கோ போய்விட்டார்கள். பாரிஸில் நாடார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் 1861-இல் நிலத்தடிச் சுரங்கங்களில் மின்கல விளக்குகளைக் கொண்டு படமெடுத்தபோது, ஒரு படத்துக்குப் 18 நிமிஷம் பிடித்ததனால், அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதனால் ஆகாது என்று கண்டு, தொழிலாளர் உடை உடுத்திய பொம்மைகளை நிறுத்தினார். பிறகு 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹானஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து நொடியில் எரியும் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அறை முழுவதும் வெளிச்சமாயிற்று. உடனே அறை முழுவதும் புகையுமாயிற்று. ஆகவே முதல் படம் ஒன்றே எல்லாம். இரண்டாவது முயற்சிக்கு ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காத்திருக்கவேண்டும். 1929-இல் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃபிளாஷ் பல்பு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபிறகே புகையும் தீவிபத்தும் நீங்கின.

கேள்வி (பள்ளத்தூர்): மூக்குக்கண்ணாடியில் ஃபிளாஷ் பளிச்சிடுகிறது. சுவரில் மாட்டிய முன்னோர் படங்களிலும் அவ்வாறே.

பதில்: ஒளி எந்தக் கோணத்தில் போய் மோதுகிறதோ அதே கோணத்தில் திரும்புகிறது. விளக்கை உயர்த்தினால் மூக்குக்கண்ணாடியில் பட்ட ஒளி கீழ்நோக்கிப் போய்விடும். அதோடு கண்ணாடியின் காதுக்கம்பியைச் சிறிதே மேலே தூக்கிவைத்துக்கொண்டால் போதும். சுவரிலிருக்கும் முன்னோர் படங்களை, பழைய வீடுகளில் உள்ள வழக்கப்படி, மேல்விளிம்பு முன்னே சாய்ந்திருக்குமாறு மாட்டுங்கள். பிரதிபலிப்பு தரைக்குப் போகும். அவர்களும் குனிந்து பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் அதற்கு நேர் முன்னே உயரமான ஒருவரை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி (கும்பகோணம்): கோயில் மண்டபத்தில் குடும்பத்தோடு படமெடுக்க விரும்புகிறோம். ஃபிளாஷ் கூடாது என்கிறார்கள்.

பதில்: முதலில் படமெடுக்கவே அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால், ஃபிளாஷ் இல்லாததைக் குறையாக எண்ணவேண்டாம். மண்டபத்தின் ஆழத்தில் போய் நிற்காமல், திறந்த பிரகாரத்தை நோக்கி முகம் காட்டி, நேர் வெயில் எட்டாதபடி விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே வரிசையாக நில்லுங்கள். ஆகாயம் முழுவதும் உங்களுக்கு விளக்காகும். கருங்கல் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி புருவத்துக்குக் கீழுள்ள நிழலையும் நீக்கும். பின்னால் தூண்கள் இருளில் அடுக்கடுக்காகப் பின்வாங்கிச் செல்லும். படமெடுப்பவர் பிரகாரத்தில் வெட்டவெளியில் நிற்கவேண்டியிருக்கும். நடுப்பகலைத் தவிர்த்துக் காலை 9 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தக் கருங்கல்லில் அவரும் வெறுங்காலோடுதான் நிற்பார்.