திருச்சிக்கு ஒரு மணி நேரமாம்ல!

வாடா பேராண்டி. கட்டுநாயக்கவுல ஏறினா ஒரு மணி நேரத்துல திருச்சின்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. போன்ல பாத்தியாக்கும். 420 கிலோமீட்டர் கிட்டன்னு போட்டிருக்குமே? அது காக்கா கணக்குடா, நேர்கோட்டுல. பிளேனு அப்பிடிப் போகாது. ஆகாயத்துலயும் அதுக்குன்னு பாதை இருக்கு.

மணிக்கு 800 கிலோமீட்டர் ஓடும்னும் நீதான் சொன்ன. அப்ப அரை மணி நேரத்துல போயிறணுமே, மிச்ச நேரத்த யாரு தின்னா? டிக்கெட்டுல உள்ள நேரம், பிளேனு நின்ன எடத்த விட்டு நகர்ற நிமிசத்துல தொடங்கிரும். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போவணும், முறைக்குக் காத்து நிக்கணும், கொழுந்து லொறி மேட்டுல ஏறுற மாதிரி மெல்ல உயரம் புடிக்கணும். புடிச்சு நிமிர்றதுக்குள்ள எறக்கம் வந்துரும். கிட்ட உள்ள ஊருக்குப் பறந்தா இதான் வெனை. 800ல ஓட அதுக்கு எங்க நேரம்?

சரி, அந்த ஒரு மணி நேரத்த நீயே வச்சுக்க. காலைல எட்டு மணிக்குப் பிளேனுன்னா அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும். தலவாக்கலையிலருந்து கட்டுநாயக்கவுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல. மொத நாள் ராத்திரி பதினொரு மணிக்கே வேன் கெளம்பணும். அட்டன் தாண்டி கினிகத்தேன எறக்கத்துல வளைஞ்சு வளைஞ்சு போறப்ப, ஒங்கம்மா ஒரு கையில தேசிக்காய மோந்துக்கிட்டு மறு கையில சொப்பிங் பேக்க விரிச்சுப் புடிச்சுக்கிட்டு இருப்பா. அந்த நெலமையிலயும், பிளேன்ல வாந்தி வருமான்னு கேப்பா. வர்றதுக்கு வயித்துல மிச்சம் இருந்தாத்தானே!

எங்க பூட்டன் காலத்துல மணிக்கணக்கே கெடையாது. கங்காணி பின்னால மன்னாருலருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடைதான். வந்து சேந்தவன் சொன்னதுதான் தூரம். வழியில காலராவுல போனவன்கிட்ட யாரு போய்க் கேக்குறது? 1914ல தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல கப்பல் ஓடுச்சு, ரெண்டு கரையிலயும் கோச்சி வந்து நின்னுச்சு. சொகுசுன்னா அதான் சொகுசு.

பொறவு 1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் கையெழுத்துப் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர அக்கரைக்குன்னு எழுதினாங்க. நம்மகிட்ட கேட்டுட்டா எழுதினாங்க? அந்தச் சனம் ஏறின கோச்சிக்கு அழுகைக் கோச்சின்னே பேரு. இப்ப நீ சிரிச்சுக்கிட்டுப் போற கட்டுநாயக்க எயாபோட்டுக்கு அந்தம்மா வீட்டுக்காரர் பேருதான் வச்சிருக்கு. அன்னிக்கு அனுப்புனது அம்மா, இன்னிக்கு வழியனுப்புறது ஐயா. சும்மா காதுல போட்டு வச்சேன். கவுன்டர்ல நின்னுக்கிட்டு இதப் பேசி வைக்காத.

அதெல்லாம் கெடக்கட்டும். பாஸ்போட்டுக்கு எழுதிட்டியா? ஒன் பொறப்புச் சட்டிபிகேட்டுல பதிவுகாரர் எழுதி வச்ச பேரு ஒண்ணு, ஐடென்டிடி காட்டுல ஏறின பேரு வேறொண்ணு. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தன கிலோமீட்டர், எத்தன மணி நேரம்னு அந்தப் போன்ல அடிச்சுப் பாரேன். வேனுக்கு அட்வான்ஸ் குடுக்குறத அப்பறம் பேசிக்கலாம்.