மிதித்தவன் மனு

அனுப்புநர்: பள்ளுருத்தியில் கார் வயரிங் பார்க்கும் தமிழன் ஒருவன், கொச்சி.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஸ்போர்ட்ஸ் காரின் ஆக்சிலேட்டரை மிதித்தும் பதில் வராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் என் வாழ்த்துகளைச் சொல்லிவிடுகிறேன். புது மாதிரி எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டரை வெளிநாட்டு இன்ஜினியர்கள் கண்டுபிடித்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதைக் கழற்றிப் பார்க்கிறவனுக்குத் தெரியும், அது நம் அரசு அலுவலகத்தை அப்படியே அச்சில் வார்த்தது.

அம்பாசடர் ஓடிய காலத்தில் பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வெறும் இரும்புதான். மிதித்தால் இழுக்கும். அறுந்தால் ஓரம்கட்டி, ஒரு துண்டு கட்டுக்கம்பியை முறுக்கி வீடு வந்து சேரலாம். 1980களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ தன் 12 சிலிண்டர் 750 காரில் அந்த இரும்பை எடுத்துவிட்டு வயரைக் கொடுத்தது. 1997-இல் அமெரிக்காவின் கார்வெட்டுக்கும் வயர் வந்தது. இன்று நம்மூர் சின்ன கார்களிலும் அதுதான்.

அன்றிலிருந்து மிதிப்பவன் மனுதாரர் ஆகிவிட்டான். பெடலுக்குள் சென்சார் என்று இரண்டு குமாஸ்தாக்கள். கால் எவ்வளவு இறங்கியது என்று இருவரும் தனித்தனியே குறிப்பு எழுத வேண்டும். பல வண்டிகளில் ஒருவர் எழுதும் வோல்டேஜில் சரிபாதியைத்தான் மற்றவர் எழுத வேண்டும் என்பது விதி. ஈசியு என்கிற கம்ப்யூட்டர் மேலதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிரேக்கிலும் கால் இருக்கிறதா, புகை விதிக்கு ஒத்துவருமா என்று மேலும் சில கேள்விகள் கேட்பார். திருப்தி என்றால் த்ராட்டில் பாடியில் உள்ள மோட்டாருக்கு உத்தரவு போகும், பட்டர்ஃப்ளை என்கிற தகடு திறக்கும். இரண்டு குறிப்பும் பொருந்தவில்லையென்றால் மனு தள்ளுபடி. டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரியும், வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விடும். முந்நூறு கிலோமீட்டர் வேகம் போகவென்று வாங்கிய வண்டி, முன்னால் போகும் மீன் ஆட்டோவின் தயவில் நகரும்.

பள்ளுருத்தியில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று தாங்கள் கேட்கலாம். கொச்சியில் செகண்ட் ஹேண்ட் ஆடம்பர கார் வியாபாரம் பெரிது. புதிதாக வாங்க வழியில்லாதவன் பழையதை வாங்குகிறான். விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாலை வரியாக முதல் ஆள் கட்டியாயிற்று. இந்தச் சாலையில் ஓட்டுகிற பாக்கியம் இரண்டாம் ஆளுக்கு. திருவனந்தபுரத்தில் நடிகர் பிருத்விராஜின் லம்போர்கினியை வீட்டுக்குக் கொண்டுவர ரோடு சரியில்லை என்று அவருடைய தாயார் சொன்னதற்கு ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்படி வயிறு தட்டிய வண்டிகளின் அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான்.

என்னிடம் வந்தது ஒரு மஞ்சள் இருகதவு வண்டி. ஓட்டி வந்த பையன் இறங்கியதும், “சவிட்டியிட்டு அனக்கமில்ல ஆசானே” என்றான். மிதித்தால் அசைவில்லையாம். அதற்கு முன் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போயிருக்கிறான். அங்கே ஏசி அறையில் காபி கொடுத்து, பெடல் அசெம்பிளி முழுசாக மாற்ற வேண்டும், கப்பலில் வர வேண்டும், அட்வான்ஸ் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன பழுது என்று கேட்டதற்கு, “சிஸ்டத்தில் காட்டுகிறது சார்” என்று பதில். சிஸ்டம் அவர்களுடையது, வண்டி மட்டும் இவனுடையது.

முதலில் கீழே கிடந்த கயிற்று மேட்டை உருவினேன். ஆலப்புழை சரக்கு, நல்ல தடிமன். பெடல் பாதிக்கு மேல் இறங்காமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பாதிக் குற்றவாளி அகப்பட்டது. பிறகு பெடலின் கப்ளரைக் கழற்றினேன். ஆறு பின்: இரண்டில் 5 வோல்ட், இரண்டு எர்த், இரண்டு சிக்னல். அதில் ஒரு எர்த் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வீடு எங்கே என்று பையனைக் கேட்டேன். பெரும்படப்புக் காயல் ஓரம் என்றான். அதற்கு மேல் ஸ்கேனரே வேண்டாம்.

தில்லியில் தெரிய வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். விருச்சிக மாதம் வந்தால் இந்தப் பக்கத்தில் வேலியேற்றம். இடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் வரைக்கும் மழை இல்லாமலே வெள்ளம் வரும். காயலிலிருந்து உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏறி, முற்றத்தைத் தாண்டி, அடுக்களையைப் பார்த்துவிட்டு, பிறகு இறங்கிப் போகும். தரையோடு தரையாக நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குள் அது ஏறுவதற்கு அனுமதி கேட்பதில்லை. கார்பெட்டின் அடியில் நனைந்த பஞ்சு மாதக்கணக்கில் காயாது. அந்த ஈரம் கப்ளரைத் தின்னும். இரண்டாம் குமாஸ்தா உளற ஆரம்பிப்பார்.

செய்த வேலை சின்னது. பேட்டரியைக் கழற்றி, பின்களைக் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, கிரீஸ் தடவி, எர்த் வயரைப் புதிதாக இழுத்தேன். பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பெடலைக் கையால் மெல்ல மெல்ல அழுத்தினேன். இரண்டு வோல்டேஜும் தடுக்காமல் ஏறின. த்ராட்டில் பாடியில் கார்பன் அப்பியிருந்ததையும் துடைத்தேன். அந்தப் பட்டர்ஃப்ளையை மட்டும் விரலால் தள்ளக் கூடாது, உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக். ஆனாலும் வண்டி முழு மூச்சுக்கு வரவில்லை. ஆரம்ப நிலையைப் புதிதாகக் கற்றுக்கொள் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் விட்டாலே போதும். இதற்குக் கம்பெனி சாஃப்ட்வேர் வேண்டும். அது எனக்கு விற்பனைக்கு இல்லை. கடைசியில் யாரோ ஒருவரின் லேப்டாப்பில் எப்படியோ நடந்தது. எப்படி என்று இந்தக் கடிதத்தில் எழுதுவது எனக்கு நல்லதல்ல.

இனித் தங்கள் பக்கம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110-ஏ பிரிவில் பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்தன. கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம் என்று படித்தபோது கை தட்டினேன். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. ஆண்டுக்கு 501 முதல் 10,000 வரை விற்கும் காரைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்க 1,050 புகார் சேர வேண்டுமாம். ஆண்டுக்கு 600 வண்டி விற்கிற மாடல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வருடத்தில் வாங்கிய அத்தனை பேரும் ஒருவர் விடாமல் புகார் கொடுத்தாலும் கணக்கு நிறையாது. பாக்கி 450 பேரை நாங்கள் எங்கிருந்து கூட்டிவருவது? தேர்தல் சமயம் என்றால் வண்டிவைத்து ஏற்பாடு செய்யலாம்.

ஐந்நூறுக்குள் விற்கும் வண்டிக்கு 20 சதவீதம் என்று இரக்கம் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் ஏழு வயதைத் தாண்டிய வண்டி இந்த விதிக்குள் வராது. எங்கள் மஞ்சள் வண்டி தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்தாலும், உப்புத் தண்ணீர் உற்பத்திக் குறையல்ல என்று சொல்லிவிடுவார்கள். நியாயம்தான். காயலைத் திரும்ப அழைக்கவும் தங்களிடம் ஏதாவது பிரிவு இருக்கிறதா?

அயல்நாட்டில் இந்தப் பெடல் பட்ட பாட்டையும் அறிவீர்கள். அமெரிக்காவில் டொயோட்டா கார்களின் பெடல் மேட்டில் சிக்கியும், அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டும் பெரிய ரகளையாகி, எலெக்ட்ரானிக்ஸைச் சோதிக்க நாசா விஞ்ஞானிகளையே கூப்பிட்டார்கள். அதில் குற்றமில்லை என்று 2011-இல் அறிக்கை வந்தது. பெடல் விவகாரத்தை மறைத்ததற்காக அந்தக் கம்பெனி 2014-இல் 120 கோடி டாலர் கட்டியது. 2024 ஏப்ரலில் டெஸ்லா தன் சைபர்டிரக் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பெடலின் மேல்தகட்டைச் சுலபமாக மாட்டுவதற்குச் சோப்பு போட்டார்களாம், தகடு வழுக்கிக்கொண்டு போய் மேலே சிக்கியது. இவையெல்லாம் அமுக்கியது எழும்பாத கேஸ். எங்களுடையது அமுக்கியும் கேட்காத கேஸ். ஓடுகிற வண்டிக்கு உலகமே ஓடிவருகிறது. ஓடாத வண்டியை ஒருவேளை சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. குண்டன்னூர் மேம்பாலத்தில் பின்னால் டேங்கர் லாரி வரும்போது லிம்ப் மோடில் விழுந்து பார்த்தால் அந்தப் பாதுகாப்பு புரியும்.

பொறுமை இழந்த பையன்கள் ‘த்ராட்டில் கன்ட்ரோலர்’ என்று ஒரு டப்பாவை ஆன்லைனில் வாங்கி, பெடலுக்கும் ஈசியுவுக்கும் நடுவே சொருகுகிறார்கள். கால்வாசி மிதித்தால் அரைவாசி என்று பொய் சொல்லும் டப்பா. ஒரு குதிரைசக்திகூட அதிகமாகாது. களிம்பு பிடித்த கப்ளரில் இதைச் சொருகினால் உள்ளதும் போகும். நான் மாட்டிக் கொடுப்பதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். வண்டியின் வயரிங் படம், பழுதுக் குறியீடுகளின் விளக்கம், ஆரம்ப நிலை கற்பிக்கும் சாஃப்ட்வேர் மூன்றையும் நியாயமான விலைக்கு ரோட்டோர வொர்க்‌ஷாப்புக்கும் விற்கச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. அவர்கள் பட்டியலில் வாகனங்களும் உண்டு. அந்தத் துறையும் தங்கள் ஊரில்தான் இருக்கிறது, ஒரு போன் போட்டால் போதும். இரண்டாவதாக, விற்ற எண்ணிக்கையை மிஞ்சாத ஒரு புகார்க் கணக்கு.

இப்படிக்கு,
மனுதாரன்.

பின்குறிப்பு: விதிப்படி இந்த மனுவை இரண்டு பிரதிகளாக இணைத்திருக்கிறேன். இரண்டாவதில் எழுத்து சரிபாதி அளவு. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும்.